கள்ளக்கடலுக்கு நான் சொன்ன அர்த்தம்

இரண்டு வருஷத்துக்கு முன், மே மாதக் கடைசியில், திருவனந்தபுரத்தில் விழிஞ்ஞத்தைத் தாண்டித் தெற்கே போனால் வரும் ஒரு கடற்கரை ரிசார்ட்டில் நடந்த விஷயம் இது. இதை எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் பயம் மட்டும் இல்லை, வெட்கமும்தான். சொல்லப்போனால் வெட்கம்தான் அதிகம்.

எனக்குச் சொந்த ஊர் வள்ளியூர்ப் பக்கம். திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்து, மனைவி, ஏழு வயது மகள் இருவரோடும் அங்கே குடிவந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. வந்த மூன்றாம் மாதமே எனக்கு மலையாளம் வந்துவிட்டது என்று நானே முடிவுகட்டிவிட்டேன். தமிழைக் கொஞ்சம் மூக்கால் இழுத்துப் பேசினால் மலையாளம், இதில் தனியாகப் படிப்பதற்கு என்ன இருக்கிறது என்பது என் கட்சி. ஆட்டோக்காரர், மீன் கொண்டுவரும் அம்மா, ஃப்ளாட் செக்யூரிட்டி எல்லாரிடமும் நான்தான் பேசுவேன். யார் என்ன சொன்னாலும் "மனசிலாயி, மனசிலாயி" என்று தலையாட்டுவேன். 'புரிந்தது' என்பதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை அது. பாதி நேரம் எனக்கு ஒன்றும் மனசிலாகியிருக்காது. ஆனாலும் வீட்டுக்குள் வந்து மனைவிக்கு ஓர் அர்த்தம் சொல்லிவிடுவேன்.

குடிவந்த புதிதில் ஒருநாள் செக்யூரிட்டி வந்து, நாளைக்கு வெள்ளம் இல்லை என்றார். நல்ல மழைக்காலம். "நாளைக்கு வெள்ளமெல்லாம் வராதாம், பயப்படாதே" என்று மனைவியிடம் சொன்னேன். மறுநாள் காலையில் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தலையில் ஷாம்புவோடு அவள் கத்திய பிறகுதான் இந்த ஊரில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர் என்று தெரிந்தது. அப்போதாவது நான் அடங்கியிருக்க வேண்டும். அதை ஒரு ஜோக்காக்கி ஆபீஸ் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வருஷம் ஒரு பெரிய வேலையை முடித்துக் கொடுத்ததற்காக, குடும்பத்தோடு ரிசார்ட்டில் இரண்டு நாள் தங்கும் வாய்ப்பை ஆபீசில் பரிசாகக் கொடுத்தார்கள். எங்களைப் போன்றவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும் வகை இடம் அது. அதை நடத்துபவர் இந்த ஊர்க்காரர். பல வருஷம் ஹவாய்த் தீவில் இருந்து, அந்த மண்ணில் பிறந்த பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டு திரும்பி வந்தவர். அதனால் இடம் முழுக்க அந்த அம்மாவின் ஊர் வழக்கம்தான். தென்னை மரத்தைவிட உயரமாக ஒரு கட்டடம் கிடையாது. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். போனதும், வெள்ளையில் மஞ்சள் ஓடிய பூவில் கட்டிய மாலையை எங்கள் மூன்று பேர் கழுத்திலும் அந்த அம்மாவே போட்டார். சாப்பாட்டில் சேப்பங்கிழங்கை மசித்துக் கூழாக வைத்திருந்தார்கள். அவர்கள் ஊர்க் கதையில் சேப்பங்கிழங்கு மனுஷனுக்கு மூத்த அண்ணன் முறையாம். "அய்யய்யோ, நான் எத்தனை அண்ணன்மாரை எண்ணெயில போட்டு வறுத்திருக்கேன்" என்றாள் என் மனைவி. சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

கடற்கரையில் அவர்கள் ஊர்ப் படகு, அதாவது வள்ளம், ஒன்று இருந்தது. ஒல்லியாக, நீளமாக, ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு வளைந்த கம்புகளின் நுனியில் ஒரு மிதவைக் கட்டை. அது அவர்கள் வீட்டில் ஓர் ஆள் மாதிரி என்று அந்த அம்மா சொன்னார். அதைத் தாண்டிக் கால்வைக்கக் கூடாது, கேட்காமல் ஏறி உட்காரக் கூடாது. கடலில் இறங்குவதற்கு முன்பும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்று கடலைப் பார்க்க வேண்டும், அதுதான் அனுமதி கேட்பது என்றார். நான் என் மனைவியின் காதில், "கடல் என்ன ஹெட்மாஸ்டரா, உள்ளே வரலாமான்னு கேக்கதுக்கு?" என்றேன். டூரிஸ்ட்டுக்காகப் போடும் நாடகம் என்று நினைத்தேன்.

முதல் நாள் முழுவதும் குளத்தில்தான் இருந்தோம். தோட்டத்துக்கும் கடற்கரைக்கும் நடுவில், கடல் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து நிரப்பி, கரையில் மணலும் கொட்டி வைத்திருந்த செயற்கைக் குளம் அது. அலை வருவதற்கு ஒரு மோட்டார்கூட உண்டு. "டூப்ளிகேட் கடல்" என்று என் மனைவி அதற்குப் பெயர் வைத்தாள். பாப்பாவுக்கு அதைவிட்டு வரவே மனசில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் மூன்று மணி இருக்கும். சுள்ளென்று வெயில். காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி கிடந்தது. காலையில் என் போனில் மலையாளத்தில் ஏதோ ஒரு அறிவிப்பு வந்திருந்தது. எனக்கு அந்த எழுத்து படிக்க வராது. கரண்ட் கட்டாக இருக்கும் என்று தள்ளிவிட்டேன். சற்றுத் தள்ளி இருந்த மீனவர்கள் தங்கள் வள்ளங்களை எல்லாம் ரோட்டு ஓரம்வரை இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு அவர்களுக்கு லீவு போல என்று மனைவியிடம் சொன்னேன். அதற்கும் ஓர் அர்த்தம் என்னிடம் தயாராக இருந்தது பாருங்கள்.

குளத்துக்குப் போகும் வழியில் ரிசார்ட்டின் வள்ளக்காரர் எதிரே வந்தார். அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்த மீனவர், என் வயதுதான் இருக்கும். பூப்போட்ட ரிசார்ட் சட்டை போட்டு, கைலி கட்டியிருந்தார். அவசரமாக எங்கேயோ போய்க்கொண்டிருந்தவர் பாப்பாவைப் பார்த்து நின்றார்.

"சாரே, இன்னு கள்ளக்கடலுண்டு. குட்டியெ அங்ஙோட்டு விடண்டா" என்றார். சொல்லிக்கொண்டே கையை வீசிக் காட்டினார். அந்தக் கை போன திசையில் முதலில் குளம், அதற்குப் பின்னால் கடல். "மனசிலாயோ?" என்றும் கேட்டார்.

"மனசிலாயி, மனசிலாயி" என்றேன் நான்.

அவர் போய்விட்டார். மனைவி, "என்னவாம்?" என்றாள்.

கள்ளநோட்டு என்றால் போலி நோட்டு. கள்ளச்சாவி என்றால் போலிச் சாவி. அப்படியானால் கள்ளக்கடல்? அரை நொடிகூட ஆகவில்லை எனக்கு. "நீ சொன்ன டூப்ளிகேட் கடல்தான். குளத்துல ஏதோ பிரச்சினை போல, பிள்ளையை அங்க விடாதீங்கன்னு சொல்லுதாரு. வா, நெஜக் கடலுக்கே போவோம்."

அவள் நகரவில்லை. "அவருக்கு மொகமே சரியில்ல. எதுக்கும் இன்னொரு தடவை கேளுங்களேன். கேட்டா என்ன கொறைஞ்சா போயிரும்?"

கேட்டால் எனக்கு மலையாளம் தெரியாது என்றாகிவிடும். அதுதான் குறைந்துபோகும். இதை அன்று நான் மனசுக்குள்கூட இப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. "எனக்குத் தெரியாதா?" என்று மட்டும் சொல்லிவிட்டு பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். குளத்தைச் சுற்றிக்கொண்டு, ஜாக்கிரதையாக, அதன் பக்கமே போகாமல், கடற்கரைக்கு அவளை நானே கூட்டிப்போனேன்.

மணலில் ஒரு சிவப்புக் கொடி நட்டிருந்தது. ஏற்கெனவே கலர் கலராகக் கொடிகள் தொங்கும் இடம் என்பதால் நேற்று அது அங்கே இருந்ததா என்று நான் யோசிக்கவில்லை. விடியற்காலையில் யாரோ விருந்தினர்களை ஏற்றிப்போன வள்ளம், வழக்கமான இடத்துக்கு இன்னும் ஏற்றப்படாமல் தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே உருளைக் கட்டைகள் மீது இருந்தது. பாப்பாவைத் தூக்கி அதற்குள் உட்கார வைத்தேன்.

"ஏறக் கூடாதுன்னாங்கல்லா?" என்றாள் மனைவி.

"ரெண்டே நிமிஷம். ஒரு போட்டோ."

அவள் தலையில் அடித்துக்கொண்டு, மேலே தென்னை நிழலில் விட்டு வந்த பையை எடுக்கப் போனாள். நான் கடலுக்கு முதுகைக் காட்டாமல்தான் நின்றேன், ஆனால் பார்த்தது போனின் திரையில் பாப்பாவின் முகத்தை மட்டும்தான். வள்ளம் முழுவதும் தெரியவேண்டும் என்று பின்னால் பின்னால் நகர்ந்தேன். பத்துப் பன்னிரண்டு அடி வந்திருப்பேன். பாப்பா துடுப்புப் போடுகிற மாதிரி கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது என் கால் நனைந்தது.

அலை வந்தால் சத்தம் வரும், உடையும், நுரைக்கும். இது எதுவும் இல்லை. பானையில் தண்ணீர் நிறைகிற மாதிரி கடல் அப்படியே மேலே ஏறியது. கணுக்கால் என்று நினைக்கும்போது முழங்கால். முழங்கால் என்று நினைக்கும்போது இடுப்பு. நான் நின்ற மணல் காலுக்கடியில் கரைந்தது. விழுந்தேன். உப்புத் தண்ணீர் மூக்கிலும் வாயிலும் ஏறியது. எதிலோ முட்டினேன், உருண்டேன், எது மேலே எது கீழே என்று தெரியவில்லை. தண்ணீர் திரும்பிப் போகும்போது என்னையும் இழுத்துக்கொண்டு போனது. கையில் ஒரு கயிறு அகப்பட்டது, சிவப்புக் கொடிக் கம்பைக் கட்டியிருந்த கயிறு. அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றபோது எனக்கு முன்னால் வெறும் மணல்தான் இருந்தது. உருளைக் கட்டைகள்கூட இல்லை.

வள்ளம் கடலில் இருந்தது. அதற்குள் என் பிள்ளை எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டு பஸ் நீளம் இருக்கும், அவ்வளவுதான் தூரம். ஆனால் அந்தக் கரையில் பத்தடி இறங்கினால் ஆழம். எனக்கு நீச்சல் தெரியாது. கிணற்றில்கூட இறங்காதவன் நான். இடுப்பளவுத் தண்ணீர்வரை ஓடினேன், அடுத்த இழுப்பில் கால் தரையை விட்டது, அலறிக்கொண்டு திரும்பி வந்தேன். என் பிள்ளை கடலில் நிற்கும்போது நான் திரும்பிக் கரைக்கு வந்தேன். இதை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

"அப்பா! அப்பா!" என்று அவள் கத்துவது கேட்டது. பின்னால் என் மனைவி கத்தியது வார்த்தையே இல்லை.

வள்ளங்களை ஏற்றிக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து அந்த வள்ளக்காரர் ஓடிவந்தார். இரண்டு கைகளையும் பாப்பாவை நோக்கி நீட்டிக்கொண்டே கத்தினார்.

"சாடல்லே! மோளே, சாடல்லே!"

எங்கள் ஊரில் சாடு என்றால் குதி. "சாடுலே" என்றால் 'குதிடா' என்று அர்த்தம். கிணற்றடியில் பையன்கள் ஒருத்தனை ஒருத்தன் உசுப்பிவிடும் சத்தம் அது. என் காதில் அப்படித்தான் விழுந்தது. 'லே' என்பது ஆண்பிள்ளைகளைக் கூப்பிடுவது, பெண்பிள்ளையைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்பதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவர் கையை நீட்டுகிறார், குதிக்கச் சொல்கிறார், குதித்தால் நீந்திப் போய்ப் பிடித்துக்கொள்வார். இதுதான் எனக்குப் புரிந்தது. பிள்ளைக்கு அவர் பேச்சு புரியாது, நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்: "சாடு! பாப்பா, சாடு! மாமா பிடிச்சுக்கிடுவாரு! சாடு!"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு காலைத் தூக்கி வள்ளத்தின் விளிம்புக்கு வெளியே போட்டாள். மிதவைக் கட்டை இல்லாத பக்கம். வள்ளம் அந்தப் பக்கமாகச் சாய்ந்தது, எதிர்ப்பக்கத்து மிதவைக் கட்டை தண்ணீரைவிட்டு மேலே எழும்பியது.

ஓடி வந்த வள்ளக்காரர் கடலில் இறங்காமல் என் மேல் பாய்ந்தார். உள்ளங்கையால் என் வாயை அப்பி மூடினார். உதடு பல்லில் குத்திக் கிழிந்தது. "மிண்டாதெ நில்லு!" என்றார். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். இந்தத் தடவை சரியாகவே மனசிலாகிவிட்டது. என் வாயை மூடிய கையை எடுக்காமலே, கடலைப் பார்த்துக் குரலை மாற்றி, வகுப்பில் ஒரு வாத்தியார் சொல்கிற மாதிரி நிதானமாகக் கத்தினார்: "இரிக்கு மோளே. இரிக்கு. அவிடெத் தன்னெ இரிக்கு."

அவள் காலை உள்ளே எடுத்தாள். உட்கார்ந்தாள். மிதவைக் கட்டை மறுபடியும் தண்ணீரில் படிந்தது.

மரத்தடியில் சாத்தியிருந்த துடுப்பு ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு அவர் தண்ணீரில் பாய்ந்தார். அவர் தலை தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. அதற்குள் கடல் இன்னொரு தடவை ஏறியது. எல்லாரும் தென்னந்தோப்புவரை ஓடினோம். என்னை யாரோ சட்டையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். திரும்பிப் பார்த்தபோது வள்ளத்தையும் காணோம், மனுஷனையும் காணோம். பழுப்பு நிறத்தில் கடல் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. என் மனைவி மணலில் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். ஊரில் அம்மாவிடம் போனில் என்ன சொல்வது என்றுகூட நினைத்துவிட்டேன்.

அப்புறம் வள்ளம் மேலே வந்தது. அதில் இரண்டு தலைகள் தெரிந்தன.

அதோடு பயம் தீர்ந்திருக்க வேண்டும் இல்லையா? ஆனால் அந்த ஆள் கரைக்கு வரவில்லை. துடுப்பை வேகமாகப் போட்டு, என் பிள்ளையோடு, இன்னும் உள்ளே, நடுக்கடலைப் பார்த்துப் போனார். வள்ளம் சின்னதாகிக்கொண்டே போனது. "எங்க கொண்டு போறான்? எங்க கொண்டு போறான்?" என்று நான் கத்தியது எனக்கே யாரோ கத்துவது போலக் கேட்டது.

"அண்ணாச்சி, அண்ணாச்சி, இங்க பாருங்க" என்று ஒருத்தர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். ரிசார்ட் சமையலறையில் வேலை செய்பவர், எங்கள் ஊர்ப் பக்கம். திசையன்விளைக்காரர். காலையில் எங்களுக்குத் தோசை போட்டுக் கொடுத்தவர். "இப்பக் கரைக்கு வந்தா வள்ளத்தத் தூக்கி அடிச்சிரும். அலை ஒடையுற எடத்தத் தாண்டிப் போயிட்டா கடல் சும்மா ஏத்தி எறக்கும், அவ்வளவுதான். அடங்குற வரைக்கும் அங்கதான் வச்சிருப்பான். அவன் கடல்ல பொறந்தவன். பயப்படாதீங்க."

"இப்படித் திடீர்னு..." என்றேன்.

"காலையிலேயே சொல்லிட்டாங்களே அண்ணாச்சி, கள்ளக்கடல்னு. ஒங்ககிட்ட யாரும் சொல்லலையா? எங்கயோ தூரத்துல அடிக்கிற புயலுக்கு இங்க கடல் பொங்கும். காத்து இருக்காது, மழை இருக்காது. கள்ளன் மாதிரி சத்தமில்லாம உள்ள வந்துரும். அதான் கள்ளக்கடல்."

என் மனைவி மணலில் உட்கார்ந்தபடியே தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

அவர் நல்ல மனுஷன். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துப் பேசிக்கொண்டே போனார். "நல்லவேளை, பிள்ளை சாடல. அவன் தொண்டை கிழியக் கத்துனானே, சாடல்லே சாடல்லேன்னு."

"சாடல்லேன்னா?" என்று கேட்டேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மலையாள வார்த்தைக்கு இன்னொருவரிடம் அர்த்தம் கேட்டேன்.

"சாடாதேன்னு அர்த்தம், அண்ணாச்சி."

வாந்தி எடுத்தேன். கடல் தண்ணீர் குடித்ததால்தான் என்று அவர் நினைத்து முதுகைத் தடவிவிட்டார்.

பிறகு காத்திருப்பதைத் தவிர ஒன்றும் செய்வதற்கில்லை. கடல் ஏறும்போதெல்லாம் வள்ளம் மறையும். இறங்கும்போது தெரியும். ஒவ்வொரு தடவை மறையும்போதும் நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். சில சமயம் அது தெரிய ரொம்ப நேரம் ஆகும். எங்கோ தூரத்தில், விழிஞ்ஞம் பக்கம், ஒரு பெரிய கன்டெய்னர் கப்பல் ஒன்றுமே நடக்காத மாதிரி நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்து எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ரிசார்ட் அம்மா ஓடி வந்தார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. என் மனைவியின் பக்கத்தில் மணலில் முழங்காலிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணைக் கடலிலிருந்து எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்று, கடலைப் பார்த்து, தன் பாஷையில் எதையோ நீளமாக, உரத்த குரலில் சொல்ல ஆரம்பித்தார். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. கடலைக் கூப்பிட்டாரா, வள்ளத்தைக் கூப்பிட்டாரா, சாமியையா, எனக்குத் தெரியாது. முதல் நாள் நாடகம் என்று சிரித்தவன், அன்று கையைக் கூப்பிக்கொண்டு அந்தக் குரலுக்குப் பின்னால் நின்றேன். அதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. புரிந்தது போலக் காட்டிக்கொள்ளவும் தோன்றவில்லை.

முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்று பிறகு சொன்னார்கள். கடல் ஒரு தடவை நன்றாகப் பின்வாங்கி அடங்கிய சமயம் பார்த்து வள்ளம் திரும்பியது. அவர் துடுப்புப் போட்ட வேகத்தை நான் மறக்க மாட்டேன். கரையிலிருந்த மீனவர்கள் பத்துப் பேர் நெஞ்சளவுத் தண்ணீரில் இறங்கி வள்ளத்தைப் பிடித்து அப்படியே தூக்கிக்கொண்டு மேலே ஓடினார்கள். பாப்பாவை யாரோ என் மனைவியின் மடியில் வைத்தார்கள். ஒரு கீறல் இல்லை. குளிரில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள். கழுத்தில் அவருடைய பூப்போட்ட சட்டை ஈரத்தோடு சுற்றியிருந்தது. நான் அவளைத் தொடக் கையை நீட்டினேன், பிறகு எடுத்துக்கொண்டேன்.

கொஞ்சம் ஆசுவாசமான பிறகு வள்ளக்காரரைத் தேடிப் போனேன். வள்ளத்தின் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, கிழிந்திருந்த என் உதட்டைப் பார்த்து, சாரைத் தொட்டதற்கு மன்னிக்க வேண்டும் என்றார். அவர் என்னிடம்! நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். கள்ளக்கடல் என்றால் அந்தக் குளம் என்று நினைத்ததை, சாடல்லே என்றால் சாடு என்று நினைத்ததை, எனக்கு மலையாளம் தெரியவே தெரியாது என்பதை. பச்சைத் தமிழில்தான் சொன்னேன். அவர் சிரிப்பார், அல்லது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவரோ, "ஞான் ஒன்னுகூடி பறயேண்டதாயிருன்னு" என்றார்.

எனக்குப் பாதி புரிந்தது. ஆனாலும், "என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். பக்கத்திலிருந்த திசையன்விளைக்காரர் சொன்னார்: "தான் இன்னொரு தடவை சொல்லியிருக்கணும்னு சொல்லுதான் அண்ணாச்சி." இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டியவன் நான். அதை அவர் தன் தப்பாக எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கே அறையைக் காலி செய்துகொண்டு கிளம்பிவிட்டோம். காரில் என் மனைவி முன் சீட்டுக்கு வராமல் பாப்பாவோடு பின்னால் ஏறிக்கொண்டாள். அவள் கோபம் தீர ரொம்ப நாள் ஆயிற்று, முழுவதும் தீர்ந்துவிட்டது என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. பாப்பா பின் சீட்டில் அம்மாவின் மடியில் படுத்திருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். பைபாஸில் ஏறிய பிறகு அவள் குரல் கேட்டது.

"அப்பா, அந்த மாமா சாடல்லேன்னுதானே சொன்னாரு? நீங்க ஏன் சாடுன்னு சொன்னீங்க?"

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். ஓட்ட முடியவில்லை. "அப்பாவுக்கு மலையாளம் சரியாத் தெரியாது பாப்பா" என்றேன்.

"அது எனக்குத் தெரியுமேப்பா" என்றாள் சாதாரணமாக. "ஸ்கூல்ல எங்க டீச்சர் நாள் முழுக்க இரிக்கு, சாடல்லே, இரிக்கு, சாடல்லேன்னுதான் கத்துவாங்க. பெஞ்சுல ஏறிக் குதிப்போம்ல, அதுக்கு."

அவளுக்குப் புரிந்திருக்கிறது. முதல் தடவை அவர் கத்தியபோதே புரிந்திருக்கிறது. நான் தப்பாகச் சொல்கிறேன் என்பதும் தெரிந்திருக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே கேட்டேன்: "அப்புறம் ஏன் பாப்பா காலைத் தூக்கி வெளிய போட்ட?"

அவள் அம்மாவின் மடியிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"நீங்க அப்பால்லா" என்றாள்.

அதற்குப் பிறகு இன்றுவரை, அவளிடம் எதையாவது செய் என்று சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம், நான் சொன்னால் அது தப்பென்று தெரிந்தும் செய்துவிடுவாள் என்ற பயம் முதலில் வருகிறது. எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று அவளிடம் சொல்ல அந்தப் பயம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.